மாமரத் தத்துப்பூச்சிகள்

சித்திரையில் சிவாஜிநகர் ரஸ்ஸல் சந்தையில் மாம்பழங்கள் குவிகின்றன. அவை பூவாக இருந்தபோதே சாற்றை உறிஞ்சி உதிர்க்க வல்லது தத்துப்பூச்சி. நெல்மணியினும் சிறியது, கிளையை அசைத்தால் தத்திப் பறக்கும்.

உழவர் வழக்கில் பெயர் ஒன்றே, இனங்களோ பல. இறகுகளின் தொடக்கத்தில், முதுகின் நடுவே உள்ள முக்கோணத் தகட்டை உருப்பெருக்கியால் காண்க. மூன்று புள்ளிகள் இருப்பின் அது இடியோஸ்கோபஸ் நிடிடுலஸ். இறகின் குறுக்கே வெண்பட்டையும் தோன்றும். இரண்டு புள்ளிகளோடு உருவில் பெரியது அம்ரிடோடஸ் அட்கின்சோனி. இரண்டு புள்ளிகளோடு சிறியதாய், தலையுச்சியிலும் கரும்புள்ளிகள் கொண்டது இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ்.

எனினும் புள்ளிகளை மட்டும் நம்புதல் தகாது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக அறிஞர் சி. ஏ. விரக்தமத், அட்கின்சோனியை ஒத்த வேறோர் இனத்திற்கு 1976இல் பிரெவிஸ்டைலஸ் எனப் பெயரிட்டார். 'குறுந்தண்டு' என்பது அதன் பொருள். ஆண்பூச்சியின் வயிற்று நுனியில் மறைந்துள்ள அவ்வுறுப்பை நுண்ணோக்கியிலேயே காண இயலும். ஓரினத்தை மற்றொன்றாகக் குறித்தால், அது பெருகும் பருவமும் தங்கும் இடமும் பிழையாகவே பதிவாகும். மருந்து தெளிக்கும் காலமும் தவறும்.

அருஞ்சொற்பொருள்: தத்துதல் – தாவுதல்.

பயிற்சி: தகட்டில் இரண்டு புள்ளிகள், தலையுச்சியிலும் புள்ளிகள், உருவம் சிறிது. இவ்வினம் யாது? காரணம் எழுதுக.