சங்கத்துக் காசுக்கு அரசாங்கம் பொறுப்பாம்!

"அரசாங்கத்துட சங்கம்தானே தம்பி, காசு எங்க போகப் போகுது?"

போன மாதம் மட்டும் இதை நாலு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். பாண்டிருப்பில் தேநீர்க் கடையில் ஒருவர், கல்முனை பஸ் நிலையத்தில் ஒருவர், மருதமுனையில் கலியாண வீட்டில் கைத்தறி வைத்திருக்கும் நானா ஒருவர். மூன்று பேரும் பேச்சுவாக்கில் சொன்னது. நாலாவது ஆள் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா. அவரிடம் எட்டு லட்சம் ரூபா இருந்தது. வங்கியில் நிலையான வைப்பு முதிர்ந்துவிட்டது, சங்கத்தில் இரண்டு வீதம் கூடத் தருகிறார்கள், முழுவதையும் தூக்கி அங்கே போடப் போகிறேன் என்றார். பயமில்லையா அக்கா என்று கேட்டதற்குத்தான் அந்த மறுமொழி.

கூட்டுறவுத் திணைக்களத்தில் கணக்காய்வு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களை எனக்குப் பிடிக்கும். நானே ஒன்றில் அங்கத்தவன். அதனால்தான் எரிச்சலோடு எழுதுகிறேன். சங்கத்தில் நீங்கள் போடும் வைப்புக்கு அரசாங்கம் ஒரு சதத்துக்கும் பொறுப்பில்லை. மத்திய வங்கியும் பொறுப்பில்லை. மாகாண சபையும் பொறுப்பில்லை. சங்கம் உங்களுடையது. அங்கத்தவர்கள் பங்குப் பணம் போட்டு, செயற்குழுவைத் தெரிவு செய்து, தங்கள் காசைத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கும் ஏற்பாடு அது. கொடுத்த கடன் திரும்பாவிட்டால் இழப்பும் உங்களுடையதுதான்.

திணைக்களம் பிறகு எதற்கு என்று கேட்பீர்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்கிறது, வருடம் ஒருமுறை கணக்காய்வு செய்கிறது அல்லது செய்விக்கிறது, முறைகேடு என்றால் விசாரணை வைக்கிறது, தேவைப்பட்டால் செயற்குழுவைக் கலைக்கிறது, சங்கம் எழும்பாது என்றால் கணக்கைத் தீர்த்து மூட ஒரு கலைப்பாளரை நியமிக்கிறது. இவ்வளவுதான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் உங்கள் வாகனத்தைப் பதிவு செய்கிறது. வாகனம் மதிலில் மோதினால் அவர்கள் வந்து கதவு மாற்றித் தருவார்களா?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைமுறைக்குச் சங்கக் கடை என்றால் அரசாங்கக் கடை. கூப்பனுக்கு அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் பலநோக்குச் சங்கத்தில்தான் வாங்கினோம். 1961இல் மக்கள் வங்கி தொடங்கியபோது கூட்டுறவுச் சமஷ்டி வங்கியை உள்வாங்கித்தான் அது பிறந்தது. மூன்று வருடம் கழித்துப் பலநோக்குச் சங்கங்களுக்குள்ளேயே கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. ஆகவே ஐம்பது வயது தாண்டியவர்களின் மனதில் சங்கம், அரசாங்கம், வங்கி மூன்றும் ஒரே கட்டடமாக நிற்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கூட்டுறவு மாகாண சபைகளின் கைக்குப் போனது. கூப்பனும் போய்விட்டது. எண்ணம் மட்டும் போகவில்லை.

இதைவிட மோசமான குழப்பம் பெயர்ப் பலகையில் இருக்கிறது. 'கூட்டுறவு கிராமிய வங்கி' என்று எழுதியிருக்கும். 'சமுர்த்தி வங்கி' என்று எழுதியிருக்கும். இரண்டுக்கும் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் கிடையாது. சிக்கன கடனுதவு சங்கங்களைச் சணச என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதிலும் இரண்டு வகை உண்டு. ஊரில் உள்ள ஆரம்பச் சங்கம் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வருவது. 1997இல் தொடங்கிய சணச அபிவிருத்தி வங்கி மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி. வங்கியில் போட்ட காசுக்குள்ள காப்பு சங்கத்தில் போட்டதற்கு இல்லை.

காப்பு என்று நான் சொல்வது வைப்புக் காப்புறுதியை. 2010இல் மத்திய வங்கி இதைக் கட்டாயமாக்கியது. அப்போது ஆளுக்கு 2 லட்சம் ரூபா. 2021 ஏப்ரலில் இருந்து 11 லட்சம். உரிமம் பெற்ற வங்கி அல்லது நிதிக் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரை அந்த நிதியத்தில் இருந்து கிடைக்கும். நிதியத்துக்குப் பணம் கட்டுவது அந்த நிறுவனங்கள்தான். சங்கங்கள் கட்டுவதில்லை, அதனால் சங்கத்து வைப்புகளுக்குக் காப்பும் இல்லை. 2020 மே 22இல் த பினான்ஸ் கம்பனியின் உரிமம் ரத்தானபோது, அன்றைய எல்லையான 6 லட்சம் வரை வைப்பாளர்களுக்குக் காப்புறுதி கிடைத்தது. அதற்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு மீதி உடனே கிடைக்கவில்லை. அக்காவின் எட்டு லட்சம் வங்கியில் இருக்கும்வரை அந்த 11 லட்சத்துக்குள் முழுதாக அடங்கும். சங்கத்துக்கு மாறிய அன்றே அந்தக் காப்பு போய்விடும். இரண்டு வீதம் என்பது வருடத்துக்குப் பதினாறாயிரம் ரூபா. அந்தப் பதினாறாயிரம் எதற்கான விலை என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

கனடாவில் இருந்து வரும் தொலைபேசி இன்னொரு கரைச்சல். "இங்கே கிரெடிட் யூனியனில்தான் நாங்கள் போடுகிறோம், அரசாங்கம் காப்புறுதி தருகிறது" என்று மருமகன் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் கிரெடிட் யூனியன் வைப்புகளுக்கு இரண்டரை லட்சம் கனடிய டொலர் வரை காப்புறுதி உண்டு. அமெரிக்காவிலும் இரண்டரை லட்சம் டொலர் வரை உண்டு. அந்த நாடுகள் கடன் சங்கங்களுக்கென்று தனியாகக் காப்புறுதி அமைத்து, அதற்கான சட்டத்தையும் கண்காணிப்பையும் பல வருடம் செலவழித்துக் கட்டின. இங்கே அப்படி ஒன்றைக் கட்டாமல், அங்குள்ள குடையை நினைத்து இங்கே மழையில் இறங்காதீர்கள்.

"ஆனால் வருடா வருடம் நீங்கதானே வந்து பார்க்கிறீங்க?" என்பார்கள். பார்க்கிறோம். என்ன பார்க்கிறோம் என்று ஒன்றைச் சொல்கிறேன், சங்கத்தின் பெயர் வேண்டாம். அங்கத்தவர்களின் பாஸ் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்லி, பாடசாலை விறாந்தையில் ஒரு மேசை போட்டு, தனியாள் பேரேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அப்பம் விற்கும் ஒரு அம்மா புத்தகத்தைச் சோப்புப் பெட்டிக் கடதாசியில் சுற்றி, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். புத்தகத்தில் 46,500 ரூபா. பேரேட்டில் 6,500. கட்டிய காசு புத்தகத்தில் ஏறியது, ஏட்டில் ஏறவேயில்லை. பற்றுச்சீட்டு எங்கே அம்மா என்றேன். "நம்மட பொடியன்தானே காசு வாங்குறான், அவனிட்டப் போய்த் துண்டு கேக்கிறதா?" என்றார். அந்தப் பொடியன்தான் பொருளாளர். நடுத்தீர்ப்புக்குப் போய், அவருடைய குடும்பம் தவணை தவணையாகக் கட்டி முடிக்க ஆறு வருடம் எடுத்தது. அன்று நாற்பத்தேழு பேர் புத்தகம் கொண்டுவந்தார்கள். சங்கத்தில் அங்கத்தவர்கள் இருநூற்றுக்கு மேல். வராதவர்களின் புத்தகத்தில் என்ன இருந்தது என்று கணக்காய்வாளர் எப்படி அறிவது? வராமல் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு "திணைக்களம் என்ன செய்தது?" என்று சத்தம் போடுகிறீர்கள். கோபம் வராதா?

சுனாமி வந்த அந்த டிசம்பரையும் இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. வங்கிக் கணக்குகள் ஊருக்கு வெளியேயும் பதிவில் இருந்தன. சங்கங்களின் கணக்கு ஒரேயொரு இரும்பு அலுமாரியில் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய பேரேடுகளைத் தாள் தாளாகப் பிரித்து, கொடியில் உடுப்பு மாதிரிக் காயப்போட்டோம். நீல மை கரைந்து பக்கம் முழுக்கப் பரவியிருந்தது; பந்து முனைப் பேனையில் எழுதிய வரிகள் மட்டும் தப்பின. புத்தகம் வைத்திருந்தவர்களுக்கு மீதியை எழுதிக் கொடுக்க முடிந்தது. புத்தகமும் போனவர்களுக்குச் சாட்சிதான் மிஞ்சியது. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மாதம் ஒருமுறை படம் எடுத்து வைப்பதற்கு என்ன தடை?

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

வங்கி என்றால் விழவே விழாது என்பதும் தவறு. பிரமுக வங்கியின் அலுவல்கள் 2002 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டன; அப்போது இந்தக் கட்டாயக் காப்புறுதி இருக்கவில்லை. 2008இல் கோல்டன் கீ என்ற கம்பனி விழுந்தது. அது வங்கியே இல்லை, மத்திய வங்கியின் அனுமதியும் அதற்கு இருக்கவில்லை, ஆனாலும் வட்டியைப் பார்த்து வைப்புப் போட்டவர்கள் ஏராளம்.

கூட்டுறவு என்றால் வட்டி இல்லை, ஆகவே ஹலால் என்று மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சிலர் சொல்கிறார்கள். சங்கம் கடனுக்கு வட்டி வாங்குகிறது, வைப்புக்கு வட்டி கொடுக்கிறது. அதை மறைப்பதில் ஒரு நன்மையும் இல்லை. வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு 2011 முதல் அமானா வங்கி இருக்கிறது, வேறு வங்கிகளில் இஸ்லாமிய வங்கிப் பிரிவுகளும் இருக்கின்றன.

கிழமைக் கிழமை வீட்டு வாசலுக்கு வரும் லோன் கம்பனியும் சங்கமும் ஒன்றுதான் என்பது பெண்கள் மத்தியில் உள்ள பேச்சு. குழுவாக இருத்தி வைத்துக் காசு தருவதால் அது சங்கமாகிவிடாது. அந்தக் கம்பனியின் இலாபத்தில் உங்களுக்குப் பங்கில்லை, அதன் கூட்டத்தில் உங்களுக்கு வாக்கில்லை. சங்கத்தில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு.

வட்டி வீதம் ஒன்றென்றால் கடனும் ஒன்று என்பதற்கு மட்டும் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒரு லட்சம் ரூபா, 12 மாதம், 12 வீதம். முதல் தொகை முழுவதற்கும் வட்டி போட்டால் வருடத்துக்கு 12,000 ரூபா. கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு வட்டி போட்டால், மாதம் 8,333 ரூபாவை முதல் தொகையில் கழித்துக்கொண்டு போகும்போது மொத்த வட்டி 6,500. இரண்டு இடத்திலும் பலகையில் 12 வீதம் என்றுதான் எழுதியிருப்பார்கள். நல்ல சங்கங்கள் மீதிக்குத்தான் வட்டி வாங்குகின்றன, வங்கியிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் கையெழுத்துப் போடமுன் கேளுங்கள்.

கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள், இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. கல்முனைப் பக்கத்தில் வருடா வருடம் எத்தனை பிள்ளைகள் உயர்தரத்தில் கணக்கீடு எடுக்கிறார்கள்! இருபக்கப் பதிவும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சோதனை முடிந்ததும் வேலை இல்லை என்று வீட்டில் இருக்கிறார்கள். அதே ஊரில் சங்கத்தின் காசேட்டை எழுபது வயதான ஒருவர் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சங்கமும் செயற்குழுவுக்கு இப்படி இரண்டு இளம் பிள்ளைகளை எடுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மாதக் கடைசியில் காசேட்டை மூடி, மீதியை ஒரு தாளில் எழுதிச் சங்கக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். பத்து வருடமாகக் கூட்டங்களில் இதைக் கத்துகிறேன். 'பிள்ளைகளுக்கு அனுபவம் இல்லை' என்கிறார்கள். பென்சிலால் எழுதும் அனுபவம் அவர்களுக்கு வேண்டவும் வேண்டாம்.

எங்கே போடுவது என்று கேட்டால் என் பதில் இது. இழந்தால் தாங்க முடியாத காசு, ஓய்வூதியத்தில் வந்தது, மகளின் கலியாணத்துக்கு வைத்தது, எல்லாம் அனுமதிபெற்ற வங்கியில், ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 11 லட்சத்துக்குள். சங்கத்தில் அங்கத்துவமும் மாதாந்தச் சேமிப்பும். பிள்ளைக்குப் பாடசாலைத் தவணை தொடங்கும்போது, தையல் இயந்திரம் பழுதாகும்போது, காணி உறுதி கேட்காமல் இரண்டு அயலவரின் பிணையில் ஐம்பதாயிரம் தருவதற்குச் சங்கத்தைப் போல ஒன்று கிடையாது. ஆனால் அந்தப் பிணை வெறும் கையெழுத்து இல்லை. எடுத்தவர் கட்டாவிட்டால் உங்கள் சேமிப்பில் கை வைப்பார்கள்.

ஒரு சங்கத்தில் வைப்புப் போட முன் மூன்று கேள்வி போதும். கடைசிக் கணக்காய்வு அறிக்கை எந்த வருடத்துக்குரியது? கொடுத்த கடனில் தவணை தவறியது எவ்வளவு? கடைசி வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்போது? மூன்றுக்கும் பதில் மேசையில் இருக்க வேண்டும். 'பிறகு வாங்க' என்றால் காசோடு திரும்புங்கள்.

அக்காவிடம் இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை போய்க் கேட்டிருக்கிறார். அறிக்கை அலுமாரிக்குள்ளே, திறப்பு பொருளாளரிடம், அவர் மட்டக்களப்புக்குப் போய்விட்டார் என்றார்களாம். எட்டு லட்சம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அக்கா திரும்பப் போகிறார். சங்கத்தில் அங்கத்தவர்களாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் தங்கள் பாஸ் புத்தகங்களோடு கூடப் போகிறார்கள்.