கட்டற்ற மென்பொருளும் கம்பியில்லா இணைப்பும்

கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் அலுவலகங்களும் பள்ளிகளும் முதல் நாளிலேயே சந்திக்கக்கூடிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. கணினி இயங்கும், திரை ஒளிரும், வைஃபை மட்டும் உயிர்பெறாது. மைய அரசு 2015ஆம் ஆண்டில் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. அதற்கு முன்பே சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' இயங்குதளத்தை உருவாக்கியிருந்தது. இத்தகைய முயற்சிகளின் வெற்றி ஓரளவுக்கு ஒரு சிறு சில்லைப் பொறுத்தது என்பது வியப்பாகத் தோன்றலாம்.

காரணம் யாது? வைஃபை அட்டைக்குப் பொதுவாக இரு நிரல்கள் வேண்டும். ஒன்று, கணினியின் மையச் செயலகத்தில் ஓடும் டிரைவர். மற்றொன்று, அட்டையினுள் இருக்கும் சிறு செயலியில் ஓடும் ஃபர்ம்வேர். இதனை நிலையாகப் பதித்துவைக்கும் நினைவகம் பல அட்டைகளில் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் இயங்குதளமே அதனை அட்டைக்குள் ஏற்றவேண்டும். அதன் மூல நிரலை உற்பத்தியாளர் பெரும்பாலும் தருவதில்லை. சில வேளைகளில் படியெடுத்து வழங்கும் உரிமையும் தருவதில்லை. அலைவரிசையையும் அனுப்பும் திறனையும் பயனாளர் மாற்றிவிடலாகாது என்பது கூறப்படும் காரணம். இதில் உண்மை இல்லாமலில்லை. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு 2005இல் உரிம விலக்கு அளிக்கப்பட்டபோதும் அனுப்பும் திறனுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஆயினும் வணிக இரகசியமும் இக்காரணத்தோடு கலந்தே நிற்கிறது எனலாம்.

பிராட்காம் சில்லுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. விவரக் குறிப்புகள் கிடைக்காத நிலையில், தன்னார்வலர் ஒரு சாரார் ஏற்கெனவே இருந்த டிரைவரின் போக்கை நுணுகி ஆராய்ந்து ஆவணம் எழுதினர். மற்றொரு சாரார் அந்த ஆவணத்தை மட்டுமே கொண்டு புதிய நிரலை எழுதினர். பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கவே இந்த இரட்டை ஏற்பாடு. இவ்வாறு பிறந்த டிரைவர் 2006இல் லினக்ஸ் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது. அப்போதும் ஃபர்ம்வேரைப் பழைய டிரைவரிலிருந்து பயனாளரே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வேறு இணைப்பு இல்லாதவருக்கு, அதற்கான கோப்பைப் பெறவே இணைப்பு தேவைப்பட்டது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்! பின்னர் 2010இல் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது.

ஏதெரோஸ் நிறுவனம் 2008இலேயே 'ஏடிஎச்9கே' டிரைவரை மூல நிரலுடன் வழங்கியது. அவ்வகை பிசிஐ அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் தேவையே இல்லை. 2013இல், யுஎஸ்பி வகைச் சில்லுகள் சிலவற்றின் ஃபர்ம்வேரும் கட்டற்றதாயிற்று. கொள்கையில் உறுதியாக நிற்கும் டிரிஸ்குவெல் போன்ற இயங்குதளங்களைப் பயன்படுத்துவோர் இத்தகைய பழைய அட்டைகளை இன்றும் தேடி வாங்குவதன் காரணம் இதுவே.

டெபியன் வேறு வழியைத் தேர்ந்தது. 2022இல் நடந்த வாக்கெடுப்பின்படி, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பின் நிறுவல் வட்டில் மூடிய ஃபர்ம்வேரும் சேர்க்கப்பட்டது. தூய்மை சற்றுக் குறைந்தது. ஆனால் புதியவர் முதல் நாளிலேயே மனந்தளர்ந்து திரும்பும் நிலை பெரிதும் நீங்கியது. இழப்பைவிட ஆதாயமே மிகுதி என்று கருத இடமுண்டு.

கணினி வாங்கும் நிறுவனங்கள் ஒப்பந்தப்புள்ளியில் 'வைஃபை வசதி' என்று எழுதினால் போதாது. ஒரே மாதிரி எண்ணுடைய கணினிகளிலும் சில்லு வேறுபடுவதுண்டு. எனவே சில்லின் பெயரையே குறிப்பிட வேண்டும். பணம் செலுத்துமுன் ஒரு கணினியிலேனும் தாம் பயன்படுத்தவிருக்கும் இயங்குதளத்தை யுஎஸ்பி வழியாக இயக்கி, இணைப்புக் கிடைக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போதும்.