ஐரோப்பாவில் பழம்பொருள் சந்தைக்குப் போகிறீர்களா?

முதலில் கிழமையைப் பாருங்கள். லண்டனில் போர்ட்டபெல்லோ சாலையின் பழம்பொருள் சந்தை களைகட்டுவது சனிக்கிழமை. பெர்மண்ட்சி சந்தை வெள்ளிக்கிழமை மட்டும். விடியற்காலையில் விரித்து மதியத்துக்குப் பின் மூட்டை கட்டிவிடுவார்கள். இத்தாலியின் அரெட்சோவில் மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும்தான்.

நல்ல சரக்கு வேண்டுமானால் சீக்கிரம் போங்கள். விலை குறைய வேண்டுமானால் கடை கட்டும் நேரத்தில் போங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பாரிஸில் ‘போன்ஜூர்’ சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். நம் ஊரில் போலப் பாதி விலைக்குக் கேட்பதும் எடுபடாது. இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எடுத்து, “எல்லாவற்றுக்கும் எவ்வளவு?” என்பதே நல்ல பேரம். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள்.

வெள்ளிச் சாமான் என்றால் திருப்பிப் பார்த்து முத்திரையைத் தேடுங்கள். 925 என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி. ஜெர்மனி, இத்தாலிப் பொருள்களில் 800 இருக்கும். அதுவும் வெள்ளிதான், கலப்பு கொஞ்சம் கூடுதல். ஆங்கிலக் கரண்டியில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் வெறும் முலாம். அழகாயிருந்தால் வாங்கலாம், வெள்ளி விலை மட்டும் கொடுக்காதீர்கள். பீங்கானில் விரிசலைக் கண்ணைவிட விரல்நகம் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

தந்தப் பொருள், எத்தனை பழையது என்று சொன்னாலும் வேண்டாம், சுங்கத்தில் மாட்டும். பழைய கத்தி, கத்தரிக்கோல் வாங்கினால் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள்.