முத்துப்பேட்டை லகூன்: படகில் போகிறவர்களுக்கு

மேட்டூர் அணையில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால், அது கல்லணை வந்து சேரும் வரை நாளிதழ்கள் தினமும் எழுதும். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போய் முடிகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கல்லணையிலிருந்து வெண்ணாற்றுக்குத் திரும்பும் பங்கு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரிகிறது. வயலுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைக் கோரையாறும் பாமணியாறும் இன்னும் சில கிளையாறுகளும் முத்துப்பேட்டைக்குத் தெற்கே ஆழமில்லாத ஒரு பெரிய காயலில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. அதற்கு அப்பால் பாக் நீரிணை. காயலை ஊரார் லகூன் என்றே சொல்கிறார்கள். அதைச் சுற்றி நிற்பதுதான் அலையாத்திக் காடு.

படகேறிக் காட்டுக்குள் ஆற்றில் போய், கரையில் கூடாரம் அடித்து, இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் காவிரி டெல்டாவில் இறங்கினால், அவர்களுக்கு அமைவது இந்த இடம்தான். ஆனால் பாதி ஆசைக்கு மட்டும். படகுண்டு, கூடாரம் கிடையாது. இது காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இதற்குப் பொருந்தும். கோடியக்கரையோடு சேர்த்து 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. காட்டுக்குள் இரவு தங்கும் யோசனையை வீட்டிலேயே விட்டுவிட்டு, முத்துப்பேட்டையிலோ திருத்துறைப்பூண்டியிலோ பட்டுக்கோட்டையிலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அனுமதி. முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். எத்தனை பேர், எந்த நாள், யாருடைய படகு என்பதையெல்லாம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. சொந்தமாகத் துடுப்புப் படகு வைத்திருப்பவர்கள் அதைக் காரில் கட்டிக்கொண்டு நேரே ஆற்றங்கரைக்கு வந்துவிடக் கூடாது. அதற்கும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தக் கெடுபிடி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ என்ற புகழ்பெற்ற துடுப்புப் படகுக் காடு இருக்கிறது. அங்கே ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் போக முடியாது. தகர டப்பாவுக்கும் கண்ணாடிப் பாட்டிலுக்கும் உள்ளே இடமில்லை.

படகு பெரும்பாலும் ஜாம்புவானோடையிலிருந்து கிளம்பும். அங்குள்ள தர்காவின் கந்தூரி விழாவுக்கு மதம் பாராமல் கூட்டம் வரும். அந்த நாட்களில் அறை கிடைப்பது சிரமம் என்பதால் தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கோரையாற்றில் இறங்கி லகூனைத் தொட ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். போய்த் திரும்ப அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

அலையாத்திக் காடு என்றதும் பிச்சாவரத்தை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே சுரபுன்னையின் வில் போன்ற வேர்களுக்கு நடுவே, குறுகிய கால்வாய்களில் நிழலிலேயே துடுப்புப் போட்டுப் போகலாம். சினிமாக்காரர்களுக்கும் அது பழகிய இடம். முத்துப்பேட்டை வேறு மாதிரி. ஆற்றின் இரு கரையிலும் அலையாத்தி மரங்கள், சேற்றிலிருந்து ஆணி அடித்து வைத்தாற்போல மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர்கள், பிறகு திடீரென்று நாலா பக்கமும் தண்ணீர். அழகு என்றால் நெருக்கமான பச்சைதான் என்று நினைப்பவர்கள் பிச்சாவரத்துக்கே போகட்டும். திறந்த வெளியும் பறவைகளும் வேண்டும் என்பவர்களுக்கு முத்துப்பேட்டைதான் சரி.

அலையாத்தி இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அதே துணிச்சலில் எல்லா மரத்தையும் தொட்டுப் பார்க்கக் கூடாது. இங்கே தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எது எந்த மரம் என்று படகுக்காரரைக் கேட்டுக்கொண்டு கை நீட்டுங்கள்.

காட்டுக்குள் இரு பக்கமும் கிளை பிரிந்து, மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்கள் தென்படும். அவற்றுக்கு ஒரு கதை இருக்கிறது. முன்பு இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். மரம் போன இடத்தில் மண் காய்ந்து பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கி, வெயிலில் வற்றி, கன்று முளைக்க முடியாத அளவுக்கு உப்பேறியது. ஓத நீர் வந்து போக வழி செய்தால் காடு தானே திரும்பும் என்று கண்டு, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இந்தக் காடு தன் பின்னாலிருந்த ஊர்களைக் காத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலோ காட்டையே முறித்துப் போட்டது.

எப்போது போவது? ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் நல்ல தண்ணீர் மிச்சமிருக்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். பூநாரை, கூழைக்கடா, ஆலா, உள்ளான் என்று பார்க்கப் பல உண்டு. தொலைநோக்கியை மறந்துவிட வேண்டாம், பூநாரைக் கூட்டம் படகை அருகே விடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். அப்போது அனுமதி கையில் இருந்தாலும் வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். கோடையில் நன்னீர் வரத்து நின்று, காயல் கடலைவிட உப்பாகிவிடும். வெயிலும் தாங்காது.

எந்த மாதமானாலும் விடியலில் புறப்படுவதே மேல். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழுந்தால் லகூனில் அலையடிக்கும். தண்ணீர் ஆழமில்லைதானே என்று அலட்சியமாக இறங்கினால் முழங்கால் வரை சேறு பிடித்துக்கொள்ளும். உயிர்காப்பு உடுப்பைப் போட்டுக்கொள்ளாமல் படகில் ஏறாதீர்கள்.

குடிநீரைத் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் இருப்பது உப்புநீர். தொப்பி, முழுக்கைச் சட்டை, நனையாத பை, சேற்றில் கழன்றுவிடாத செருப்பு இவ்வளவும் போதும். சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொள்ளலாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் மாநிலம் முழுக்கத் தடை. உள்ளே கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். பெண்களும் முதியவர்களும் இருக்கும் குழு இதை முன்பே யோசித்துப் பயண நேரத்தைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

லகூன் பலருக்குப் பிழைப்பிடம் என்பதை மனதில் வையுங்கள். இறாலும் நண்டும் மீனும் பிடிப்பவர்களின் வலை எங்கே கிடக்கிறது என்பது படகுக்காரருக்குத் தெரியும். அவர் சுற்றிப் போனால் போகட்டும், நேரே விடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

திருவாரூர் - காரைக்குடி அகலப் பாதையில் 2019 முதல் ரயில் ஓடுகிறது, முத்துப்பேட்டையில் நிலையம் உண்டு. வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்துக்கும் காருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இன்னொரு நாள் கையிலிருந்தால் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் வடுவூருக்கும் போய் வரலாம். இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயங்கள், இரண்டும் பாசன ஏரிகள். அங்கே பறவை இருப்பதும் இல்லாததும் மேட்டூர்த் தண்ணீரையும் மழையையும் பொறுத்தது. ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.