தன் வீட்டைத் தானே சோதிக்கலாமா?

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றார்கள் நம் முன்னோர்கள். யாரோ கட்டிய வீட்டை விலைக்கு வாங்கிப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. இருபதுக்கு முப்பது மனையில் மாடிமேல் மாடி எழுப்பும் வழக்கம் அவர்கள் காலத்தில் இல்லாததே காரணமாக இருக்க வேண்டும்!

கட்டடப் பொறியாளன் என்பதால், வீடு வாங்கப் போகும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அழைத்துப் போவார்கள். அண்மையில் ஒரு கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் சொன்னார்: "உங்களுக்கென்ன சார், வீடு வாங்கினால் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். எங்களுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது." அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தச் சோதனை ஏன் தேவை? நீலசந்திராவில் ரோஸ் கார்டன் பக்கமோ பஜார் தெருப் பக்கமோ நடந்து பாருங்கள். அடுத்தடுத்த வீடுகளுக்கு நடுவே கை நுழைய இடம் இருக்காது. அறுநூறு சதுர அடி மனை. கீழே பழைய வீடு. மகனுக்குக் கல்யாணம் ஆனபோது ஒரு மாடி, வாடகைக்காக இன்னொரு மாடி, அதன் மேல் தகரக் கொட்டகை. குடும்பம் வளர வளர வீடும் வளர்ந்திருக்கும், அடித்தளம் மட்டும் அன்று போட்டதுதான்.

2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பெரிய திட்டங்களில் வீடு வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. கட்டுமானக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டித் தந்தவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைத் திட்டங்களுக்கு அங்கே பதிவு தேவையில்லை. நம் அறுநூறு சதுர அடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். அதுவும் கைமாறி வரும் பழைய வீடு என்றால் யாரைப் போய்க் கேட்பது? வாங்குவதற்கு முன் பார்ப்பதுதான் ஒரே காப்பு.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் மறக்கக் கூடாது. 1983 செப்டம்பர் 12 அன்று, கபாலி திரையரங்கை ஒட்டிக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் சரிந்து 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமக்குப் பக்கத்திலுள்ள லக்கசந்திராவில் 2021 செப்டம்பர் 27 அன்று மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. அதில் தங்கியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். சோதிக்கத் தெரிந்தவன் தன் வீட்டையும் தானே சோதித்தால் என்ன? தன் பணம் என்றால் கவனம் கூடத்தானே செய்யும்? கவனம் கூடும், ஐயமில்லை. ஆனால் கவனம் வேறு, தீர்ப்பு வேறு.

வீட்டுச் சோதனையில் பாதி வேலை கண்ணால் பார்ப்பது. மறு பாதி, பார்த்ததற்குப் பொருள் சொல்வது. சுவரில் மயிரிழையாக ஒரு கோடு ஓடுகிறது. பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்ததா, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதால் வந்ததா? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலமானால் கவலைப்பட வேண்டும். தரையை ஒட்டி மூன்றடி உயரம் வரை வண்ணம் பொரிந்து உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. கூரையை ஒட்டி மஞ்சள் திட்டு இருந்தால் மேலே எங்கோ நீர் கசிகிறது. தளத்தின் அடிப்பக்கம் உப்பிக்கொண்டிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். விற்பவர் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் அந்தச் சுவரை இரண்டு முறை தட்டுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

இவற்றில் பலவும் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளக்கூடியவை. வீட்டின்மேல் ஏற்கெனவே மனம் விழுந்துவிட்டால், இரண்டில் இனிப்பான பொருளே முதலில் தோன்றும். கான்கிரீட்டைத் தட்டி அளக்கும் ரீபவுண்ட் ஹாம்மர் யாருக்கும் தயவு பார்க்காது; ஆனால் அதை எந்த இடத்தில் வைத்துத் தட்டுவது என்று முடிவு செய்பவன் நான்தானே!

அனுபவம் இதைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் இத்தியேல் ட்ரோர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அனுபவம் மிக்க கைரேகை நிபுணர்கள் ஐவரிடம், அவர்களே சில ஆண்டுகளுக்கு முன் 'பொருந்துகிறது' என்று எழுதிக் கொடுத்த ரேகைகளை மறுபடி கொடுத்தார்கள். தங்கள் பழைய கோப்பு அது என்று அவர்களுக்குத் தெரியாது. மாட்ரிட் குண்டுவெடிப்பு வழக்கில் அமெரிக்கப் புலனாய்வினர் தவறாகப் பொருத்திய ரேகை இது என்று மட்டும் சொல்லப்பட்டது. ஒருவர்தான் தம் பழைய முடிவில் நின்றார். மூவர் பொருந்தவில்லை என்றனர்; ஒருவர் சொல்ல முடியாது என்றார். ரேகை மாறவில்லை, காதில் போட்ட ஒரு சொல்தான் மாறியது. அதே சொல்லை நம் ஆசையே நம் காதில் போட்டால்?

நம் சட்டமும் இதை அறியும். 1957ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டப்படி பதிவு பெறும் சொத்து மதிப்பீட்டாளர், தமக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புள்ள சொத்தை மதிப்பிடுவதில்லை என்று உறுதி தர வேண்டும். செல்வ வரி பின்னர் நீக்கப்பட்டாலும் இந்த விதியின் நியாயம் நீங்கவில்லை. 2007இல் ரிசர்வ் வங்கியும் இதே நிபந்தனையை வங்கிகளுக்கு விதித்தது. மதிப்பீடு வேறு, கட்டடச் சோதனை வேறு என்பது உண்மைதான். வங்கி அனுப்பும் ஆள் கடனுக்கு ஈடு போதுமா என்று பார்ப்பார். உங்கள் சமையலறை ஓதம் அவர் கவலை அல்ல. ஆயினும் தனக்குத் தொடர்புள்ளதில் தன் கண்ணை நம்பாதே என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நீலசந்திராவிலேயே ஒரு வீடு விலைக்கு வந்தது. கீழே நாங்கள், மேலே இரண்டு வாடகை. ஓய்வுக் காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். படிக்கட்டுச் சுவரில் சாய்வாக ஒரு விரிசல் இருந்தது. 'பூச்சு விரிசல், சாதாரணம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டு முன்பணமும் கொடுத்தேன். ஈஜிபுராவில் நண்பருக்காகப் பார்த்த வீட்டில் இதே மாதிரி விரிசலுக்கு, 'அஸ்திவாரம் பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

என் மனைவிக்கு மனம் கேட்கவில்லை. "ஏங்க, எதுக்கும் உங்ககிட்ட வேலை கத்துக்கிட்ட அந்தப் பையனைக் கூட்டிட்டுப் போய் ஒரு தரம் காட்டுங்களேன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் அழைத்துப் போனேன். அவர் நேரே மொட்டை மாடிக்கு ஏறி, பக்கத்து வீட்டுச் சந்தில் எட்டிப் பார்த்தார். உள்ளே நான் பார்த்த விரிசல் வெளிச்சுவரிலும் அதே சாய்வில் இறங்கியது. கீழே வந்து மெல்லக் கேட்டார்: "சார், இதே வீட்டை வேற ஒருத்தருக்காகப் பார்த்திருந்தா நீங்க என்ன எழுதியிருப்பீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. விற்பவர் மறுக்காமல் சந்தில் ஒரு குழி தோண்ட விட்டார். இரண்டடியிலேயே கல் அஸ்திவாரம் முடிந்துவிட்டது. அதுவும் மண் சாந்தில் அடுக்கிய கல். ஒற்றை மாடிக்குப் போட்டதன்மேல் மூன்று தளம் நின்றுகொண்டிருந்தது. வாங்கவில்லை. முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. குறையை நானே சொன்னபோது, விலையைக் குறைக்க நான் போடும் நாடகம் என்றே விற்பவர் நினைத்தார். வாங்குபவன் வாயிலிருந்து வரும் குறைக்குச் சந்தையில் மதிப்பில்லை.

ஆகவே என் பதில் இது. தெரிந்தவன் தன் வீட்டைத் தாராளமாகப் பார்க்கட்டும். குறை கண்டால் அதை நம்பட்டும். குறை இல்லை என்று தோன்றினால் மட்டும் அதை நம்ப வேண்டாம். தன் குறிப்பைக் காட்டாமல் இன்னொருவரை அனுப்பி, எழுத்தில் வாங்கி, பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். விலையையும் தன் ஆசையையும் அவரிடம் சொல்லக் கூடாது.

பிறர் பார்க்கச் சொன்ன வீட்டைச் சோதித்துவிட்டுப் பின்னால் தானே வாங்குவது பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அதற்கு ஒரே சொல்: கூடாது. முதலில் அழைத்தவர் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்த பிறகு வாங்கினாலும், அவருக்கு நாம் சொன்ன குறைகள் உண்மையா என்ற ஐயம் கடைசிவரை தீராது.

அன்று வந்த அந்தப் பையன் என்னிடம் பணம் வாங்க மறுத்தார். "உங்ககிட்டயா சார்?" என்றார். இலவசமாகப் பார்க்க வருபவர் குறையைக் கொஞ்சம் இலேசாகத்தான் சொல்வார் என்பது எனக்குத் தெரியும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். மற்றவர்களிடம் வாங்கும் தொகையையே அவர் சட்டைப் பையில் திணித்து, கையெழுத்திட்ட அறிக்கையை வாங்கிக்கொண்டேன்.