கடல் கடக்கும் நாய்களும் அகிம்சையின் அதிசாரங்களும்

அடியுண்டு உயிர் துறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓதியதும், அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து அவனுக்கு உற்ற துணை ஆனதும் நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த செய்தி. சிந்தாமணி காட்டும் அந்நாய்க்கு மறுபிறவியில்தான் நல்வாழ்வு கிட்டிற்று. இப்பிறவியிலேயே நாய்க்கு ஒரு நல்லிடம் தேடித்தரும் பணியொன்று இன்று உலகில் நடந்துவருகிறது. தெருவில் அடிபட்டும் கைவிடப்பட்டும் கிடந்த நாய்களை மீட்டுத் தேற்றி, வேற்று நாட்டில் அவற்றை ஏற்க முன்வரும் குடும்பங்களுக்கு விமானத்தில் அனுப்புகின்றனர். அத்திசையில் செல்லும் பயணி ஒருவர் ஊதியமின்றி வழித்துணையாகிறார். இப்பணியை அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களோடு வைத்து எண்ணிப் பார்ப்போம்.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் 2003ஆம் ஆண்டு 'சோய் டாக்' என்னும் அறநிலையம் தோன்றியது. 'சோய்' என்பது தாய் மொழியில் சந்தைக் குறிக்கும். ஆங்கிலேயத் தம்பதியரான ஜான் டாலி, கில் டாலி ஆகியோரும் மார்கோட் ஹோம்பர்க் பார்க் என்ற அம்மையாரும் இதனைத் தொடங்கினர். 2004இல் நீர் தேங்கிய வயலில் இறங்கி ஒரு நாயை மீட்ட கில் அம்மையாருக்குக் குருதியில் நச்சுத்தொற்று ஏற்பட்டு இரு கால்களையும் இழக்க நேர்ந்தது. செயற்கைக் கால்களுடன் எழுந்து, 2017இல் மறையும்வரை அவர் அப்பணியிலேயே இருந்தார். இந்நிலையத்திலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நாய்கள் செல்கின்றன. அங்கு விடுமுறை கழித்துத் திரும்பும் பயணிகள் பலர் அவற்றுக்குத் துணையாகின்றனர்.

பயணி எதற்கு என்று வினவலாம். தனியே சரக்காக அனுப்பினால் கட்டணம் பன்மடங்காகும். ஒருவரது பயணச்சீட்டோடு கூடுதல் உடைமையாகப் பதிவு செய்தால் மிகக் குறையும். அதனையும் நிலையமோ ஏற்கும் குடும்பமோ செலுத்திவிடும். துணை செல்பவர் தம் பயண விவரத்தை முன்கூட்டியே தெரிவித்து, விமான நிலையத்திற்குச் சற்று முன்னதாக வந்து, தாள்களில் கையொப்பமிட்டு, இறங்கியபின் நாயைப் பெற்று, அங்கே காத்திருப்போரிடம் ஒப்படைத்தால் போதும். வழியில் விமானம் மாறுதல் நாய்க்குத் துன்பம் தருமாதலால் நேர்வழிப் பயணிகளையே பெரிதும் நாடுவர்.

இனி நம் நூல் நோக்கிற்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அவை பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபான நிரோதம் என்பன. அதாவது கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகு சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். நாயைக் காக்கும் இப்பணியில் இவற்றுள் மூன்று கண்முன் நிற்கின்றன. பல மணி நேரம் கூண்டில் அடைப்பது பந்தமன்றோ? கருத்தடை அறுவை சேதமன்றோ? பயணத்திற்கு முன் உணவைக் குறைப்பது அன்ன நிரோதமன்றோ?

இவ்வினாக்களை 'நல்நோக்கம்' என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் தகாது. கூண்டைப் பற்றி உலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகள் உள்ளன. நாய் உள்ளே இயல்பாக நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். காற்றோட்டமும் நீர்க்கலமும் ஈரம் உறிஞ்சும் விரிப்பும் வேண்டும். அளவிற் சிறிய கூண்டில் திணித்தால் அதுவே பந்தம். அங்கு நோக்கம் எதுவாயினும் உயிர்க்கு நேரும் துன்பம் ஒன்றே. உணவைச் சில மணி நேரம் முன்னர்ச் சிறிதளவு தருவது நாயின் வயிறு கலங்காமல் இருப்பதற்கே. நீரைத் தடுப்பது எவ்வகையிலும் பொருந்தாது. மயக்க மருந்தும் தரலாகாது. வானில் அதன் மூச்சும் குருதி ஓட்டமும் தளரக்கூடும். பக் போன்ற தட்டை முக நாய்களுக்கு மூச்சிடர் மிகுதி என்பதால் விமான நிறுவனங்கள் பல அவற்றை ஏற்பதில்லை.

கருத்தடை பற்றிச் சான்றோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறுவை அறுவையே என்பாரை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடிய பெண்நாயின் குட்டிகள் சக்கரத்தின் கீழும் பசியிலும் மாள்வதைக் கண்டும் வாளா இருப்பது அதனினும் பெரிய வதமாகவே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பிரமாதம், அதாவது கவனமின்மை. 2021 ஜூன் மாதம் அஜர்பைஜானிலிருந்து 33 நாய்களும் ஒரு பூனையும் மீட்புப் பணியின் பெயரால் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வந்தன. தடுப்பூசிச் சான்று இருந்தும் அவற்றுள் ஒரு நாய்க்கு வெறிநோய் வெளிப்பட்டது. குறி தோன்றியபின் ஏறக்குறைய எவரும் பிழைக்காத நோய் அது. அதனைத் தூக்கியவர், தடவியவர், அடுத்த கூண்டிலிருந்த உயிர்கள் என எத்தனை பேருக்கு அச்சம்! அடுத்த மாதமே வெறிநோய் மிகுந்த நாடுகளின் நாய்களுக்கு அமெரிக்கா தற்காலிகத் தடை விதித்தது. 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் நிரம்பிய, மைக்ரோசிப் பொருத்திய நாய்களையே அந்நாடு அனுமதிக்கிறது. வெறிநோய் மிகுந்த நாட்டு நாய்களுக்கு மேலும் நிபந்தனைகள் உண்டு. கனடா 2022 செப்டம்பர் 28 முதல், இந்தியா உள்ளிட்ட அத்தகைய நாடுகளிலிருந்து தத்துக்காக நாய்கள் வருவதை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு இந்தியாவிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ செல்லும் நாய்க்குத் தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்துக் குருதிச் சோதனை செய்யவேண்டும். எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகேனும் இருந்தால், குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து பின்னரே புறப்படலாம். இக்காத்திருப்பைச் சுருக்க முயல்வோர்க்கு ஒருபோதும் துணைபோகலாகாது.

ஒரு நாய்க்கு இத்துணைப் பொருள் செலவிடுவதைவிட உள்ளூரில் நூறு நாய்களுக்கு உணவிடலாமே என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. சோய் டாக் நிலையமே தன் பெரும் முயற்சியைக் கருத்தடையிலும் தடுப்பூசியிலும் செலுத்துகிறது. அவ்வாறு பெற்ற நாய், பூனைகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைக் கடந்துள்ளது. சந்திற்குத் திரும்பி வாழ இயலாத ஊனமுற்றவையும், மனிதரை அண்டியே பழகியவையும் உண்டு. அவற்றுக்கு வீடு ஒன்றே வழி. வெளிநாட்டில் வீடு என்பது அத்தகையவற்றுக்கு இருப்பின் நன்று. அயல்நாட்டு இல்லம் என்பதாலேயே அது உயர்வு என்று கொள்வது பேதைமை.

நம் பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து பணிபுரிகின்றனர். அவர்களுள் யாரேனும் இத்துணைக்கு அழைக்கப்படக்கூடும். இசைவதற்கு முன் நாயின் சிப் எண்ணும் சான்றிதழ்களிலுள்ள எண்ணும் ஒன்றாக உள்ளனவா எனத் தாமே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஏற்பவர் யார் என்பதையும், அவர் வரத் தவறினால் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் எழுத்தில் பெறட்டும். பூட்டிய பெட்டியோ பொதியோ உடன் கொடுத்தால் மறுத்துவிடட்டும். விமான நிலையத்தில் எவர் வேண்டினும் கூண்டின் கதவைத் திறக்கலாகாது. மிரண்ட நாய் அயலூரின் சாலையில் ஓடிவிட்டால் மீட்பது அரிது. வீட்டினுள் கதவுகளை அடைத்தபின், கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டே அதனை வெளியே விடவேண்டும்.