பாடம் 8: பற்றாத சுடர்

நுழையும் முன்

எந்தக் கருவியும் காரணமின்றி நின்றுவிடுவதில்லை. அக்காரணத்தை முறையாகத் தேடும் வழியை இப்பாடம் கூறுகிறது.

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா போன்ற பகுதிகளில் பல வீடுகளுக்கு வெந்நீர் தருவது எரிவாயுக் கீசர். 1995ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மகாநகர் கேஸ் நிறுவனம் இந்நகரில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வழங்குகிறது. குழாய் எட்டாத வீடுகளில் எரிவாயு உருளை பயன்படுகிறது.

'கீசர்' என்னும் பெயர் ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. 1868இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை அமைத்து அப்பெயரைச் சூட்டினார். அதில் புகைபோக்கி இல்லாமையால், எரிந்த வாயு குளியலறையிலேயே தங்கியது.

இன்றைய கருவியில் நீர் ஓடினால்தான் சுடர் எழும். குழாயைத் திறந்ததும் நீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வு ஒரு சிறு விசையை இயக்குகிறது. மின்கலங்களின் ஆற்றலால் 'டக் டக்' என்னும் ஓசையுடன் பொறி எழ, எரிவாயு வால்வு திறந்து சுடர் பற்றுகிறது. சில நொடிகளுக்குள் சுடர் தோன்றாவிடில் வால்வு தானே மூடிக்கொள்ளும். அது கருவி தரும் பாதுகாப்பு.

சுடர் பற்றாத கருவியை ஆராயும்போது முதலில் உதவுவது மூக்கு. கசிவை உணர்த்துவதற்காகவே எரிவாயுவில் மணமூட்டும் பொருள் சேர்க்கப்படுகிறது. அம்மணம் வந்தால் மின்விசை எதையும் தொடலாகாது. வால்வை மூடிச் சன்னல்களைத் திறந்து, வெளியே சென்று அவசர உதவியை அழைத்தல் வேண்டும்.

மணம் இல்லையெனில் அடுத்து உதவுவது செவி. பொறியின் ஓசை கேட்கவில்லை என்றால், மின்கலம் தீர்ந்திருக்கலாம். கடற்காற்றின் ஈரத்தால் அதன் முனைகள் துருப்பிடித்திருக்கலாம். நீரின் அழுத்தம் குறைந்திருக்கலாம். நீர் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியில் மண் அடைத்தாலும் அழுத்தம் குறையும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே வரும் நீருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. தொட்டிக்கு நேர்கீழே உள்ள வீட்டில் அது மிகக் குறைவு. ஆகவே கீழ்த்தளத்தில் நன்கு எரியும் கருவி மேல்தளத்தில் எரியாமற்போவதுண்டு.

ஓசை கேட்டும் சுடர் எழவில்லை எனில், சமையலறை அடுப்பு எரிகிறதா என்று பார்க்கலாம். அதுவும் எரியவில்லையென்றால் எரிவாயு வரவில்லை என்பது தெளிவு. அடுப்பு எரிந்தால், கீசருக்குரிய வால்வு மூடியிருக்கலாம். பொறிமுனையில் ஈரமோ கரியோ படிந்திருக்கலாம். உருளைக்கென அமைந்த கருவியைக் குழாய் எரிவாயுவில் இணைத்தலும் தவறு; இரண்டிற்கும் வாயு வெளிவரும் துளையின் அளவு வேறு.

மின்கலம் மாற்றுவதும் வடிகட்டியைக் கழுவுவதும் வீட்டுப் பெரியவர்களால் இயலும். அதற்கு மேற்பட்டவை பயிற்சி பெற்ற பணியாளருக்கு உரியவை. மீண்டும் மீண்டும் பற்றவைக்க முயல்வதும், பாதுகாப்பு விசையைத் துண்டித்து எரியவைப்பதும் உயிருக்கே ஊறு விளைக்கும்.

சுடர் பற்றிய பின்னும் கவனம் வேண்டும். காற்று நுழையாத குளியலறையில் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பற்றுடன் சேர்கிறது. நீலச்சுடர் மஞ்சளாக மாறுவதும், குளிப்பவருக்குத் தலைவலியோ மயக்கமோ தோன்றுவதும் எச்சரிக்கைகள். கருவி குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் இருப்பதே நலம்.

சொற்பொருள்

சவ்வு – மெல்லிய படலம்
ஊறு – தீங்கு
விசை – இயக்கும் பொத்தான்

பயிற்சி

1. பொறியின் ஓசை கேட்காமைக்குரிய காரணங்கள் இரண்டினை எழுதுக.
2. மேல்தள வீட்டில் கீசர் எரியாமற்போவது ஏன்?
3. பிரித்து எழுதுக: வெந்நீர், நீலச்சுடர்.
4. 'பற்றாத சுடர்' என்பதில் 'பற்றாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். இதுபோன்ற இரண்டு தொடர்களைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதுக.
5. உம் வீட்டில் வெந்நீர் கிடைக்கும் முறையையும் அங்குள்ள காற்றோட்டத்தையும் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.